தடுப்பானா, நச்சாக்கியா? ஒரு சொல் மறைக்கும் உயிர்வேதியியல்

மருந்தியல் பாடநூல்களில் சிப்ரோஃபிளாக்சசின், எட்டோபொசைடு, இரினோட்டெக்கான் ஆகிய மூன்றும் ஒரே பெயரால் அறிமுகமாகின்றன: டோபோஐசோமரேஸ் தடுப்பான்கள். முதலாவது, டைஃபாய்டுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் பல ஆண்டுகளாக நாடெங்கும் எழுதித் தரப்பட்டுவரும் மாத்திரை. மற்றவை புற்றுநோய் மருந்துகள். டிஎன்ஏயின் சிக்கலை அவிழ்க்கும் நொதிகளையே மூன்றும் குறிவைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நொதிகளின் வேலை தடைபடுவதால்தான் உயிரணு சாகிறது என்று மாணவர் எண்ணிக்கொள்வாரானால், அது பிழையான புரிதல். மருந்து, நொதியைப் பாதி வேலையில் பிடித்து நிறுத்துகிறது. பிடிபட்ட நொதியே உயிரணுவுக்கு நஞ்சாகிறது. "தடுப்பான்" என்ற சொல் இந்த உண்மையை மூடி மறைக்கிறது. அதனால் விளையும் இழப்பு, தேர்வுத்தாளில் போகும் இரண்டு மதிப்பெண்களோடு முடிவதில்லை.

சொல்லாராய்ச்சி வேறு, உயிர்வேதியியல் வேறு என்று ஒதுக்கிவிட முடியாத இடங்களில் இதுவும் ஒன்று. அதை விளங்கிக்கொள்ள, நொதியின் வேலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

புரியும் முறுக்கும்

இருபுரிக் கயிறு ஒன்றின் இரு புரிகளையும் ஒரு முனையில் பிடித்துப் பிரித்து இழுத்தால், பிரிந்த பகுதி தளர்வதற்கு ஏற்ப, பிரியாத பகுதியில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். மறுமுனை தாராளமாகச் சுழல முடிந்தால் சிக்கல் இல்லை. மறுமுனையைக் கட்டிவைத்துவிட்டால், சிறிது தூரத்திலேயே கயிறு தன்மீது தானே சுருண்டு முண்டுமுண்டாக நிற்கும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் புரி பிரியாது.

டிஎன்ஏயும் ஓர் இருபுரிக் கயிறே. ஏறத்தாழ 10.5 காரஇணைகளுக்கு ஒருமுறை ஓர் இழை மற்றோர் இழையைச் சுற்றி வருகிறது. ஈ. கோலை நுண்ணுயிரியின் மரபுத்தொகுதி, முனையே இல்லாத வட்டம். அதில் சுமார் 46 லட்சம் காரஇணைகள் உள்ளன. அதாவது ஏறத்தாழ 4,40,000 சுற்றுகள். அது இரட்டிப்படையும்போது இவற்றில் ஒரு சுற்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் சேய் வட்டங்கள் இரண்டும் சங்கிலிக் கண்ணிகள்போல் கோத்துக்கொள்ளும். உயிரணு பிளவுற முடியாது. நகலெடுக்கும் பொறியமைப்பு வினாடிக்கு ஏறத்தாழ 1,000 காரஇணைகளைக் கடந்து செல்வதால், ஒவ்வொரு வினாடியும் அதன் முன்னால் நூறு சுற்றுகள் அளவுக்கு முறுக்கு ஏறுகிறது. மனித உயிரணுவில் டிஎன்ஏக்கு முனைகள் உண்டு. ஆயினும் 2 மீட்டர் நீளமுள்ள இழைத்தொகுதி, ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அகலமேயுள்ள கருவுக்குள் மடித்துக் கட்டப்பட்டுக் கிடக்கிறது. அங்கே எந்த முனையும் தாராளமாகச் சுழல முடியாது.

வாட்சனும் கிரிக்கும் 1953இல் இரட்டைச் சுருளை முன்வைத்தபோதே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த மாக்ஸ் டெல்பிரூக் 1954இல் இதை வெளிப்படையாக எழுப்பினார். இழை வெட்டுப்பட்டு மீண்டும் ஒட்டிக்கொண்டாலன்றி அவிழ்தல் எளிதன்று என்பது அவர் வாதம். மரபுச் செய்தியைத் தாங்கும் இழையை உயிரணு தன் கையாலேயே வெட்டிக்கொள்கிறது என்ற கருத்து அன்று பலருக்கும் நெருடலாக இருந்திருக்கக்கூடும். பின்னர் கிடைத்த சான்றுகள் டெல்பிரூக்கின் பக்கமே நின்றன.

வெட்டும் கையே ஒட்டும் கை

1971இல் ஜேம்ஸ் வாங், ஈ. கோலையிலிருந்து முறுக்கைத் தளர்த்தும் புரதம் ஒன்றைக் கண்டறிந்து அதற்கு ஒமேகா என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் ஷாம்பூவும் ரெனாட்டோ டுல்பெக்கோவும் சுண்டெலியின் உயிரணுக்களில் அத்தகைய செயலைக் கண்டனர். 1976இல் மார்ட்டின் கெல்லர்ட்டும் உடனுழைத்தோரும் முறுக்கைத் தளர்த்துவதற்கு மாறாக ஏற்றும் நொதி ஒன்றைக் கண்டு, கைரேஸ் என்றழைத்தனர். முறுக்கவிழ்ப்பி, தளர்த்தி, வெட்டி மூடி என்றெல்லாம் பொருள்படும் பல பெயர்கள் அந்தப் பத்தாண்டில் வழங்கின. ஒவ்வொரு பெயரும் ஒரு சோதனைக்குழாயில் கண்ட ஒரு செயலைச் சொன்னதேயன்றி, எல்லாவற்றுக்கும் பொதுவான வேதிவினையைச் சொல்லவில்லை. 1970களின் இறுதியில் வாங்கும் லீராய் லியூவும் "டோபோஐசோமரேஸ்" என்ற பொதுப்பெயரைக் கொண்டுவந்த பிறகே இவை அனைத்தும் ஒரே குடும்பம் என்பது தெளிவாயிற்று. ஒரு நல்ல பெயர் ஒரு துறையை எப்படி ஒழுங்குபடுத்தும் என்பதற்கு இது சான்று. தவறான பெயர் எதிர்த்திசையில் அதே வலிமையோடு வேலை செய்யும் என்பதையும் இந்த வரலாறு காட்டப்போகிறது.

பொதுவான வேதிவினை இதுதான். நொதியிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலம், டிஎன்ஏயின் முதுகெலும்பிலுள்ள பாஸ்பேட்டைத் தாக்கி இழையை வெட்டுகிறது. வெட்டும் அதே கணத்தில் அறுந்த முனையோடு தானே சகப்பிணைப்பால் இணைந்துகொள்கிறது. வெட்டுண்ட முனை எங்கும் அலையாது. நொதியின் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். பிணைப்பின் ஆற்றலும் வீணாவதில்லை; அதே ஆற்றலைக் கொண்டு பின்னர் முனைகள் மீண்டும் ஒட்டப்படுகின்றன. வகை I நொதிகள் ஓர் இழையை மட்டும் வெட்டுகின்றன. வகை II நொதிகள் இரண்டு இழைகளையும் வெட்டி வாயிலைப் போல் திறந்து, டிஎன்ஏயின் வேறொரு பகுதியை அவ்வழியே கடத்திவிட்டு மூடுகின்றன. இதற்கு ஏடிபி செலவாகிறது. மனிதரிடம் இக்குடும்பத்து நொதிகள் 6 உள்ளன.

வெட்டுண்ட நிலை இயல்பாகக் கண்ணிமைப்பொழுதில் கடந்துவிடும். எந்த நேரத்தில் எண்ணினாலும் வாயில் திறந்த நிலையில் இருக்கும் நொதிகள் மிகச் சிலவே. உயிரணுவின் பாதுகாப்பு முழுவதும் இந்தச் சில கணங்களின் குறுமையில்தான் அடங்கியிருக்கிறது. இந்த நொதிகளைக் குறிவைக்கும் முதன்மையான மருந்துகள் கைவைப்பதும் அங்கேதான்.

1979இல் கிடைத்த விடை

குளோரோகுயின் தயாரிப்பின் துணைவிளைபொருள் ஒன்றிலிருந்து 1962இல் வெளிப்பட்டது நலிடிக்சிக் அமிலம். குயினலோன் குடும்பத்துக்கு முன்னோடி இதுவே. இது கைரேஸின்மீது செயல்படுகிறது என்பது 1977இல் உறுதியானது. நொதி இன்றியமையாதது, மருந்து அதைத் தடுக்கிறது, ஆகவே நுண்ணுயிரி சாகிறது: அன்றைய இயல்பான முடிவு இதுவாகவே இருந்திருக்கும்.

ஆனால் இந்த முடிவோடு ஒத்துப்போகாத செய்திகள் இருந்தன. முதலாவது, கைரேஸின் மருந்தெதிர்ப்பு வடிவமும் மருந்துக்கு மசியும் வடிவமும் ஒரே உயிரணுவில் இருந்தால், அந்த உயிரணு மருந்துக்கு மசிகிறது. இது 1960களின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. மருந்து வெறும் தடுப்பானாக இருந்தால் நடக்க வேண்டியது இதற்கு நேரெதிர்: எதிர்ப்புள்ள நொதி தன் வேலையைத் தொடர்ந்து செய்து உயிரணுவைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இரண்டாவது, தூய கைரேஸின் செயலைச் சோதனைக்குழாயில் நிறுத்தத் தேவைப்படும் அளவைவிட மிகக் குறைந்த மருந்தே நுண்ணுயிரியைக் கொன்றுவிடுகிறது.

1979இல் கென்னத் குரூட்சரும் நிக்கோலஸ் கொசரெல்லியும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. வெப்பம் கூடினால் கைரேஸ் செயலிழந்துபோகும் திரிபினங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். டி7 என்ற நுண்ணுயிரித் தின்னி வைரஸ், கைரேஸ் செயலிழந்த உயிரணுவிலும் வளர்ந்தது. ஆகவே அதற்குக் கைரேஸ் தேவையில்லை. ஆனால் இயல்பான கைரேஸ் உள்ள உயிரணுவில் நலிடிக்சிக் அமிலம் அதே வைரஸின் வளர்ச்சியை நிறுத்தியது. வெப்பத்தால் கைரேஸைச் செயலிழக்கச் செய்தபோது மருந்தின் அந்தத் தாக்கம் மறைந்தது. தேவையே இல்லாத ஒரு நொதியைத் தடுப்பதால் வளர்ச்சி நிற்காது. அந்நொதி இருப்பதால்தான் மருந்துக்குத் தீங்கு செய்ய வழி கிடைக்கிறது. மருந்து கைரேஸை நஞ்சாக மாற்றுகிறது என்று அவர்கள் முடிவுசெய்தனர்.

ஈஸ்ட் தந்த சாட்சியம்

புற்றுநோய் மருந்துகளின் வரலாறும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. சீனத்து மரமான கேம்ப்டோதெக்கா அக்குமினாட்டாவிலிருந்து கேம்ப்டோதெசினைப் பிரித்து 1966இல் அறிவித்தவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும். வானி மகாராட்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்தவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1972இல், சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றியிருந்த வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டஸ் மரத்திலும் கேம்ப்டோதெசின் இருப்பதைக் காட்டினர். அந்த மரம் பின்னாளில் இதற்காகவே பெருமளவில் வெட்டப்பட்டது.

மருந்தோ தொடக்கத்தில் தோல்வியைத் தழுவியது. கடுமையான பக்கவிளைவுகளால் 1970களில் மருத்துவச் சோதனைகள் கைவிடப்பட்டன. அது எதைத் தாக்குகிறது என்று அப்போது எவருக்கும் தெரியாது. 1985இல் லியூவின் குழு, கேம்ப்டோதெசின் இருக்கும்போது வகை I டோபோஐசோமரேஸ் டிஎன்ஏயோடு ஒட்டிய நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது என்று காட்டியது. அதற்குப் பிறகே ஆர்வம் மீண்டது. 1996இல் டோப்போடெக்கானும் இரினோட்டெக்கானும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

தெளிவான சாட்சியம் 1988இல் ஈஸ்ட்டிலிருந்து வந்தது. வகை I டோபோஐசோமரேஸ் மரபணுவை ஈஸ்ட்டிலிருந்து நீக்கிவிட்டாலும் அது வாழ்கிறது. வேறு நொதிகள் ஈடுகட்டுகின்றன. அப்படி நொதியே இல்லாத ஈஸ்ட்டுக்குக் கேம்ப்டோதெசினைக் கொடுத்தால் எதுவும் நேர்வதில்லை. நொதி உள்ள ஈஸ்ட்டு சாகிறது. நொதியை முற்றிலும் இழப்பதைவிடப் பெரிய தடுப்பு வேறென்ன இருக்க முடியும்? அந்த இழப்பைத் தாங்கும் உயிரி மருந்தைத் தாங்கவில்லை என்றால், மருந்து செய்வது தடுப்புக்கு மேற்பட்ட வேறொன்று.

அது என்ன என்பதைப் பின்னர் வந்த படிக அமைப்பாய்வுகள் காட்டின. மருந்தின் தட்டையான மூலக்கூறு, வெட்டுண்ட இடத்தில் இரு காரஇணைகளுக்கு நடுவே ஆப்புப்போல் செருகிக்கொள்கிறது. முனைகள் ஒட்டுவதற்குச் சரியாகப் பொருந்த முடியாமல் விலகி நிற்கின்றன. நொதி கையை விடவும் முடியாமல், வேலையை முடிக்கவும் முடியாமல் நிற்கிறது. அந்நேரத்தில் நகலெடுக்கும் பொறியமைப்பு அதன்மீது வந்து மோதினால், மூடக்கூடிய ஒற்றை வெட்டு, எளிதில் மூட முடியாத இரட்டை முறிவாகிவிடுகிறது. விரைந்து பிளவுறும் உயிரணுக்கள் இம்மருந்துகளுக்கு அதிகம் பலியாவது இதனால்தான்.

சொல்லின் விலை

தமிழ் இலக்கணம் அறிந்த மாணவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்வது எளிது. "மருந்து நொதியைத் தடுக்கிறது" என்ற தொடரில் நொதி செயப்படுபொருள். அதன் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. "மருந்து நொதியை நஞ்சாக்குகிறது" என்ற தொடரில் நொதிக்கு அதற்குப் பிறகும் ஒரு வேலை இருக்கிறது. தீங்கைச் செய்வது நொதி, செய்விப்பது மருந்து. செய்வினைக்கும் செய்விக்கும் வினைக்கும் உள்ள இந்த வேறுபாடு கலைச்சொல்லில் காணாமல் போனதால், அதிலிருந்து பெற வேண்டிய ஊகங்களும் தலைகீழாகின்றன.

மருந்து தடுப்பானாக இருந்தால், நொதியின் அளவு குறையக் குறைய உயிரணு எளிதில் சாகும். மருந்தெதிர்ப்பு வேண்டுமானால் நொதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நச்சாக்கியாக இருந்தால், நொதி குறையக் குறைய உயிரணு தப்பிக்கும். நொதி மிகுந்த உயிரணுவே முதலில் சாகும். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மருந்தெதிர்ப்புள்ள புற்றணுக்கள் சிலவற்றில் நொதியின் அளவு குறைந்திருப்பது இரண்டாவது ஊகத்தோடு பொருந்துகிறது. "தடுப்பான்" என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் மாணவருக்கு இது முரணாகவே தோன்றும்.

மருத்துவத்தில் இதன் விளைவுகள் இன்னும் கனமானவை. எட்டோபொசைடு வகை II நொதியைத் திறந்த வாயிலோடு நிறுத்தும்போது, டிஎன்ஏயில் இரட்டை முறிவுகள் ஏற்படுகின்றன. பழுதுபார்க்கும் முயற்சியில் தவறான முனைகள் ஒட்டிக்கொள்வது உண்டு. 11ஆம் குரோமோசோமின் நெடுங்கையிலுள்ள எம்எல்எல் மரபணு இவ்வாறு வேறொரு மரபணுவோடு ஒட்டிவிட்டால் இரத்தப் புற்றுநோய் உருவாகலாம். ஒரு புற்றுநோயிலிருந்து மீண்டவரிடம், பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகளுக்குள் தோன்றும் இரண்டாம் புற்றுநோய் இது. அரிதாகவே நேர்வது, ஆனால் மீண்டவர் குழந்தையாக இருக்கும்போது அந்த அரிதுக்குப் பொருளே வேறு. "நொதியைத் தடுக்கும் மருந்து" எப்படிப் புதிய புற்றுநோயைத் தரும் என்று கேட்டால் விடை எளிதில் கிடைக்காது. "டிஎன்ஏயை வெட்டிய நிலையில் நொதியை நிறுத்தும் மருந்து" என்று சொன்ன மாத்திரத்தில் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

டாக்சோரூபிசினின் இதயப் பாதிப்பு மற்றோர் எடுத்துக்காட்டு. வகை II நொதிக்கு மனிதரிடம் ஆல்ஃபா, பீட்டா என இரு வடிவங்கள் உண்டு. பிளவுறும் உயிரணுக்களில் ஆல்ஃபா மிகுதி. பிளவுறாத இதயத் தசையணுக்களில் இருப்பது முதன்மையாகப் பீட்டா. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், இதயத் தசையில் மட்டும் பீட்டா வடிவம் நீக்கப்பட்ட சுண்டெலிகள் டாக்சோரூபிசினின் இதயப் பாதிப்பிலிருந்து தப்பின. ஈஸ்ட்டு சொன்னதையே சுண்டெலியின் இதயமும் சொன்னது. அதனோடு டெக்சுராசாக்சேன் என்ற மருந்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். வகை II நொதியின் வினைச்சுழற்சியை, டிஎன்ஏயில் வெட்டு நிலைக்க விடாமல் நிறுத்தும் மருந்து அது. உண்மையான பொருளில் தடுப்பான். டாக்சோரூபிசினிலிருந்து இதயத்தைக் காக்க மருத்துவர்கள் அதைத்தான் கொடுக்கின்றனர். இரும்பைப் பிணைப்பதால் காக்கிறது என்று நெடுங்காலம் விளக்கப்பட்டது. நொதியைத் தடுப்பதும் காரணமாகலாம் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது. பாடநூல் வழக்கின்படி டாக்சோரூபிசினும் தடுப்பான், அதிலிருந்து காக்கும் டெக்சுராசாக்சேனும் தடுப்பான். நஞ்சுக்கும் முறிமருந்துக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

இந்தியாவைப் பொறுத்தவரை பெரிய கேள்வி மருந்தெதிர்ப்பு. டைஃபாய்டு கிருமிகள் சிப்ரோஃபிளாக்சசினுக்கு மசியாமல் போனது நாடறிந்த செய்தி. இன்று சிகிச்சை செஃப்ட்ரையாக்சோனையும் அசித்ரோமைசினையும் நம்பி நிற்கிறது. உலகக் காசநோய்ச் சுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தாங்கும் நாட்டில், பல்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு 2024இல் அறிவிக்கப்பட்ட ஆறு மாதச் சிகிச்சைமுறையிலும் மாக்சிஃபிளாக்சசின் என்ற குயினலோன் இடம்பெற்றுள்ளது. எதிர்ப்பு வருவதன் வேதியியல் நுட்பமானது. குயினலோன், கைரேஸின் குறிப்பிட்ட செரினையும் அதற்கு அடுத்துள்ள அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலத்தையும், ஒரு மெக்னீசிய அயனியும் நீர் மூலக்கூறுகளும் கொண்ட பாலத்தின் வழியே பற்றிக்கொள்கிறது. ஈ. கோலையில் இவை 83, 87ஆம் இடங்கள். இவை மாறிவிட்டால் பாலம் அறுந்துபோகும். நொதியின் வேலை பெரிதாகக் கெடுவதில்லை. மருந்தின் பிடி மட்டும் விடுகிறது. காசநோய்க் கிருமியின் கைரேஸிலோ அந்தச் செரின் இயல்பிலேயே இல்லை. அதன் இடத்தில் அலனின் இருக்கிறது. பல குயினலோன்கள் அதன்மேல் வலிவு குறைந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

புதிய மருந்துகளைத் தேடுவோருக்கும் இதே கேள்வி முன்னிற்கிறது. காசநோய்க் கிருமியிடம் வகை I நொதி ஒன்றே உண்டு, அது இன்றியமையாதது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜாவின் குழு இந்த நொதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளது. இதைத் தாக்கும் மருந்து எதுவும் இன்னும் நோயாளியை எட்டவில்லை. தேட வேண்டியது நொதியை நிறுத்தும் மூலக்கூறா, வெட்டிய நிலையில் பிடிக்கும் மூலக்கூறா? இரண்டுக்கும் சோதனை வேறு, எதிர்ப்பு தோன்றும் விதம் வேறு.

இந்த இடத்தில் பல்கலைக்கழக ஆய்வகங்களின் வழக்கம் ஒன்றைக் குறிப்பிடுவது தகும். மூலிகைச் சேர்மம் ஒன்றைக் கணினியில் நொதியோடு பொருத்திப் பார்ப்பது; பிளாஸ்மிடின் முறுக்குத் தளர்வது நின்றதை ஜெல்லில் காட்டுவது; "புதிய டோபோஐசோமரேஸ் தடுப்பான்" என்று தலைப்பிட்டுக் கட்டுரையை முடிப்பது. வெட்டுண்ட டிஎன்ஏ சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்யப்பட்டிராவிட்டால், அச்சேர்மம் எட்டோபொசைடின் உறவா டெக்சுராசாக்சேனின் உறவா என்பது அந்தக் கட்டுரையிலிருந்து தெரியாது. புற்றணுவைக் கொல்லுமா, புற்றுநோய் மருந்தின் விளைவையே குறைக்குமா என்பதும் தெரியாது. ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுவதால், அந்தச் சோதனை விடுபட்டிருப்பதே கண்ணில் படுவதில்லை.

மருந்தே இல்லாமல் நேரும் சிக்கல்

நொதி வெட்டிய நிலையில் சிக்கிக்கொள்வது மருந்தால் மட்டும் நேர்வதன்று. அருகில் டிஎன்ஏ ஏற்கெனவே பழுதுற்றிருந்தாலும் நேரும். அப்படிச் சிக்கிய நொதியை டிஎன்ஏயிலிருந்து விடுவிக்கவே தனி நொதிகள் உள்ளன. டைரோசினுக்கும் டிஎன்ஏக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுக்கும் டிடிபி1 என்ற நொதி 1996இல் கண்டறியப்பட்டது. 2002இல், சவுதி அரேபியக் குடும்பம் ஒன்றில் காணப்பட்ட, நடைத் தள்ளாட்டமும் நரம்புத் தேய்வும் கூடிய பரம்பரை நோய்க்கு இந்த மரபணுவின் திரிபே காரணம் எனத் தெரியவந்தது. வகை II நொதியை விடுவிக்கும் டிடிபி2 கெட்டால் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் வலிப்பும் தள்ளாட்டமும் தோன்றுவது 2014இல் அறிவிக்கப்பட்டது. நரம்பணுக்கள் பிளவுறுவதில்லை, ஆனால் நீண்ட மரபணுக்களை ஓயாமல் படித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே அங்கும் முறுக்கு ஏறுகிறது, நொதி தேவைப்படுகிறது, சில வேளை சிக்கிக்கொள்கிறது.

இந்நோயாளிகளிடம் டோபோஐசோமரேஸ் குறைவுபடவில்லை. சிக்கிய நொதியை விடுவிக்கும் ஏற்பாடே குறைவுபட்டிருக்கிறது. நொதி நஞ்சாவது மருந்தியலாளரின் கற்பனை இல்லை, உயிரணு அன்றாடம் எதிர்கொள்ளும் இடர் என்பதற்கு இவர்களின் நோயே சான்று.

பிழையான பெயர் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கும் இதே நொதி ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. தோல் இறுக்க நோயான ஸ்கிளீரோடெர்மாவில் காணப்படும் தன்னெதிர்ப்பொருள் ஒன்றின் இலக்குக்கு, அதன் நிறை 70 கிலோடால்ட்டன் என்று கண்டு, எஸ்சிஎல்-70 எனப் பெயரிட்டனர். அந்த இலக்கு வகை I டோபோஐசோமரேஸ்தான் என்பது 1986இல் வெளிப்பட்டது. முழு நொதியின் நிறை ஏறத்தாழ 100 கிலோடால்ட்டன். 70 என்பது சிதைந்த துண்டின் நிறை. ஆயினும் நாட்டின் பரிசோதனைக் கூடங்கள் தரும் அறிக்கைகளில் இன்றும் எஸ்சிஎல்-70 என்றே அச்சாகிறது. இந்தப் பெயரால் எவருக்கும் தீங்கில்லை, ஏனெனில் அதிலிருந்து எவரும் எதையும் ஊகிப்பதில்லை. "தடுப்பான்" அப்படிப்பட்ட சொல்லன்று. அது இடுகுறிப்பெயர்போல் நிற்பதில்லை. காரணப்பெயராக நின்று, தவறான காரணத்தைச் சொல்கிறது.

மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது: மருந்து, முனைகள் மீண்டும் ஒட்டுவதைத் தடுக்கிறதல்லவா? அந்த வகையில் "தடுப்பான்" சரிதானே? இதில் நியாயம் உண்டு. துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஈவ் பொம்மியே, இரு மூலக்கூறுகள் சந்திக்கும் இடைமுகத்தில் நிகழும் தடுப்பு என்றே இதை விவரிக்கிறார். ஆனால் அவர் சொல்வது அடைமொழியோடு கூடிய சொல். பாடநூலுக்கு வரும்போது அடைமொழி உதிர்ந்து, வெறும் "தடுப்பான்" மட்டுமே எஞ்சுகிறது. எதைத் தடுக்கிறது என்று சொல்லாத சொல், முழு நொதியையும் தடுப்பதாகவே பொருள்படும்.

இரண்டாவது: ஒரே மருந்து அளவைப் பொறுத்து இரண்டாகவும் செயல்படலாம். இதுவும் உண்மை. டாக்சோரூபிசின் குறைந்த அளவில் நொதியைச் சிக்கவைக்கிறது. மிகுந்த அளவில் டிஎன்ஏயில் செறிந்து புகுந்து நொதி வெட்டுவதையே நிறுத்துகிறது. ஆனால் இதைச் சொல்வதற்கே இரண்டு சொற்கள் தேவை. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தால் அதன் போதாமை புலப்படும்.

மூன்றாவது: "நஞ்சு" என்ற சொல் நோயாளியை அச்சுறுத்தும். மருத்துவமனையில் பேசும் மொழியும் வகுப்பறையில் பேசும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நோயாளிக்குத் தேவை எதிர்பார்க்கக்கூடிய விளைவுகள் பற்றிய நேர்மையான விளக்கம். அதை வேறு சொற்களால் தரலாம். மருந்தை எழுதித் தரப்போகும் மாணவருக்கோ அதன் வினைவழி தெரிந்தாக வேண்டும். ஆராய்ச்சியாளர்களிடையே இந்த வேறுபாடு நாற்பதாண்டுப் பழையது. ஆங்கில ஆய்வுக்கட்டுரைகளில் இருவகைக்கும் தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. வகுப்பறைக்கு வரும் வழியில்தான் அது தொலைகிறது.

வகுப்பறைக்கு

தமிழில் இதைச் சரிசெய்வது கடினமன்று. கலைச்சொல் இன்னும் இறுகிப்போகாத மொழி என்பது இங்கே ஒரு வசதியாகிறது. நோவோபயோசின், டெக்சுராசாக்சேன் போன்றவை நொதியின் வினைச்சுழற்சியை நிறுத்துபவை. அவற்றை "வினைத்தடுப்பான்" எனலாம். குயினலோன்கள், கேம்ப்டோதெசின் வழிவந்தவை, எட்டோபொசைடு, டாக்சோரூபிசின் ஆகியவை நொதியை நஞ்சாக்குபவை. அவற்றை "நச்சாக்கி" எனலாம். ஆக்கு என்ற வினையும் இகர விகுதியும் சேர்ந்து பிறக்கும் இச்சொல், செய்விக்கும் பொருளைத் தன் உறுப்பிலேயே தாங்கியிருக்கிறது. மருந்து தானே நஞ்சென்று அது சொல்லவில்லை. வேறொன்றை நஞ்சாக்குகிறது என்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்கேனும் தோன்றினால் அதுவே வழங்கட்டும். வேண்டுவது, இரண்டு செயல்களுக்கு இரண்டு பெயர்கள்.

ஆங்கிலவழி வகுப்புகளிலும் இதற்குப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "கேம்ப்டோதெசின் எந்த நொதியைத் தடுக்கிறது?" என்று ஆண்டுதோறும் கேட்கப்படும் ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக ஆசிரியர் இப்படிக் கேட்கலாம்: "ஓர் உயிரணுவில் வகை I டோபோஐசோமரேஸின் அளவு பாதியாகக் குறைகிறது. கேம்ப்டோதெசினுக்கு அந்த உயிரணு முன்னைவிட எளிதில் மசியுமா, மசியாதா? காரணம் கூறுக." முதல் வினாவுக்கு மனப்பாடம் போதும். இரண்டாவதற்கு, நொதியின் கை வெட்டுண்ட முனையைப் பிடித்தபடி நிற்கும் அந்தக் கணத்தை மாணவர் மனக்கண்ணில் கண்டிருக்க வேண்டும்.

ஆய்வேடு எழுதுவோர், தங்கள் தலைப்பிலுள்ள "தடுப்பான்" என்ற சொல்லுக்கு வெட்டுநிலைச் சோதனை ஒன்று ஆதாரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நெறியாளர்களும் ஆய்வேட்டு மதிப்பீட்டாளர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் போதும்; சொல் தானாகவே திருந்தும்.